கை வைக்கும் முன் கண் வை!

— மூன்றாம் ஆண்டு கணினிப் பொறியியல் மாணவன், அரியலூர்



‘சர்வர் டவுன்’ என்ற வார்த்தையைக் கேட்காதவர் இன்று கிராமத்தில்கூட இல்லை. ரேஷன் கடையில் கேட்கிறோம். வங்கியில் கேட்கிறோம். சாதிச் சான்றிதழுக்காக இ-சேவை மையத்துக்குப் போய் நின்றால் அங்கேயும் கேட்கிறோம். ‘சரி, நாளைக்கு வர்றேன்’ என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறி விடுகிறோம். ஆனால் நாளைக்கு அந்தச் சர்வருக்குப் பொறுப்பாக உட்காரப் போகிறவர்கள் நாம்தான். அப்போது நமக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்? பாடப்புத்தகத்தில் லினக்ஸ் கட்டளைகள் இருக்கின்றன. ஆனால் காலை ஆறு மணிக்குப் போன் வந்தால் முதலில் எந்தக் கட்டளையைத் தட்டுவது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதைத்தான் என் சொந்தத் தப்பிலிருந்து இங்கே எழுதுகிறேன்.

கிளவுட் என்றால் மேகமா?

முதலாம் ஆண்டுத் தம்பி, தங்கைகளுக்காக ஒரு வார்த்தை. கிளவுட் என்றதும் ஏதோ ஆகாயத்தில் இருப்பதாக நினைக்க வேண்டாம். நம்ம ஊரில் சொந்த டிராக்டர் இல்லாதவர் வாடகைக்கு எடுத்து உழுவதில்லையா? அதே கதைதான். அமேசான் 2016-ல் மும்பையிலும் 2022-ல் ஹைதராபாத்திலும் பெரிய கணினிக் கூடங்களைத் திறந்தது. மைக்ரோசாஃப்ட் 2015-லேயே சென்னையில் ஆரம்பித்தது. அங்கே உள்ள கம்ப்யூட்டரில் ஒரு பங்கை நாம் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கிறோம். மெஷின், மின்சாரம், ஏசி எல்லாம் அவர்கள் பொறுப்பு. உள்ளே போட்ட சாஃப்ட்வேரும் டேட்டாவும் நம் பொறுப்பு. வாடகை டிராக்டர் என்றாலும் வரப்பில் ஏற்றிக் கவிழ்த்தால் கவிழ்த்தவன் நாம்தானே!

வெங்காய மண்டியில் ஒரு காலை

சென்ற ஆண்டு விடுமுறையில் பெரம்பலூரில் ஒரு சிறிய சாஃப்ட்வேர் அலுவலகத்தில் பயிற்சிக்குப் போனேன். அரியலூரிலிருந்து தினமும் பஸ். அவர்கள் ஒரு வெங்காய மண்டிக்குக் கணக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்திருந்தார்கள். பெரம்பலூர் பக்கம் சின்ன வெங்காயம் எவ்வளவு விளையும் என்று உங்களுக்குத் தெரியும். விவசாயி மூட்டையைக் கொண்டு வந்து இறக்கியதும் எடை போட்டு, விலை போட்டு, கமிஷன் கழித்துச் சீட்டு வரும். கணக்கெல்லாம் கிளவுடில் ஒரு சின்னச் சர்வரில் போய்ச் சேரும்.

ஒருநாள் காலை ஆறு மணி. மண்டியிலிருந்து போன். “தம்பி, சீட்டு வர மாட்டேங்குது. வண்டியெல்லாம் வரிசையா நிக்குது. நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு!”

அலுவலகத்தில் சீனியர் அண்ணன் இன்னும் வரவில்லை. நான் மட்டும்தான். எனக்கோ ‘நாமே சரி பண்ணிக் காட்டிடலாம்’ என்று ஒரு ஆசை. உடனே சர்வரை ரீஸ்டார்ட் செய்தேன். சீட்டு வந்தது! “சபாஷ் தம்பி” என்றார் முதலாளி. அரை மணி நேரம் கழித்து மறுபடி நின்றது.

இப்போது பார்த்தேன். டிஸ்க் நூறு சதவீதம் நிரம்பியிருந்தது. எதையாவது அழித்தால் போதும் என்று தேடினேன். டேட்டாபேஸ் போஸ்ட்கிரஸ். அதன் போல்டருக்குள் ‘பி.ஜி. எக்ஸ்-லாக்’ என்று ஒரு போல்டர், ஒரு ஜிபிக்கு மேல். ‘லாக்’ என்றால் வெறும் குறிப்புதானே, பழைய டைரி மாதிரி, போனால் என்ன என்று அழித்து விட்டேன்.

நண்பர்களே, அது டைரி இல்லை. டேட்டாபேஸ் எந்த மாற்றத்தையும் முதலில் அந்தப் போல்டரில் எழுதிய பிறகுதான் மெயின் பைலில் ஏற்றும். மின்சாரம் போனாலும் கணக்கு கெடாமல் காப்பது அதுதான். அதை அழித்தது, கடைக்காரர் இன்னும் பேரேட்டில் ஏற்றாத துண்டுச் சீட்டுகளைக் குப்பையில் கொட்டியதற்குச் சமம். கொஞ்ச நேரத்தில் டேட்டாபேஸ் நின்றது. அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. என்னைப் போல் அந்தப் பெயரைப் பார்த்து ஏமாந்து அழித்தவர்கள் உலகம் முழுவதும் இருந்திருக்கிறார்கள். அதனாலேயே 2017-ல் வந்த பத்தாம் பதிப்பில் ‘எக்ஸ்-லாக்’ என்ற பெயரை ‘வால்’ என்று மாற்றி விட்டார்கள். நம் சர்வரில் இருந்ததோ அதற்கு முந்தைய 9.6. அந்தப் பதிப்புக்கான ஆதரவு 2021 நவம்பரிலேயே முடிந்து விட்டது. ‘ஓடுதே, எதுக்கு மாத்தணும்’ என்று யாரும் தொடாமல் விட்டிருந்தார்கள்.

சீனியர் அண்ணன் வந்தார். திட்டவில்லை. “இனிமே எதையும் தொடாதே” என்று மட்டும் சொன்னார். முதல் வேலையாக அந்த டிஸ்க்கை, கெட்டது கெட்டபடியே, ஸ்னாப்ஷாட் எடுத்தார். பிறகு தினசரி பேக்கப் இருக்கும் இடத்தைத் திறந்தார். ஒவ்வொரு இரவும் ஒரு பைல் இருந்தது, தேதியும் சரியாக இருந்தது. ஆனால் கடந்த மூன்று மாதமாக ஒவ்வொரு பைலும் வெறும் 20 பைட்! மூன்று மாதத்துக்கு முன் டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறார்கள். பேக்கப் ஸ்கிரிப்டில் மாற்றவில்லை. அது தினமும் உள்ளே போக முடியாமல், காலிப் பையைக் கட்டி முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டிருந்தது. பிழைச் செய்தியை யாரும் படிக்க முடியாதபடி எங்கோ திருப்பி விட்டிருந்தார்கள்.

அண்ணன் ஒரு கருவியை வைத்து டேட்டாபேஸை வலுக்கட்டாயமாக எழுப்பினார். எழுந்தது. ஆனால் அப்படி எழுப்பிய கணக்கை அப்படியே நம்பக் கூடாது. நல்ல வேளை, மண்டிக் கணக்குப்பிள்ளை பழைய மனிதர். கம்ப்யூட்டர் சீட்டு போட்டாலும் கார்பன் பேப்பர் வைத்துக் கையிலும் ஒரு நகல் எழுதி வைப்பார். மூன்று பேர் இரண்டு இரவு உட்கார்ந்து ஒவ்வொரு சீட்டாக ஒத்துப் பார்த்தோம். 17 சீட்டுகள் சர்வரில் இல்லை.

இரண்டாம் நாள் காலை ஒரு ஆயா வந்து நின்றார். சுருக்குப் பையிலிருந்து நாலாக மடித்த சீட்டை எடுத்து நீட்டினார். “தம்பி, மிஷினு கெட்டுப் போச்சாமே. எம் பேரு அதுல இருக்குதாய்யா?” அந்தப் பதினேழில் அவர் சீட்டும் ஒன்று. கார்பன் நகலைப் பார்த்து நான்தான் அதை ஏற்றினேன். “இருக்கு ஆயா” என்று சொன்னபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை.

டிஸ்க் ஏன் நிரம்பியது? அதற்கு ஒரு வாரம் முன்பு வேறொரு சின்னப் பிழையைக் கண்டுபிடிக்க, சாஃப்ட்வேர் ஒவ்வொரு அசைவையும் எழுதி வைக்கும் ‘டீபக்’ நிலையைப் போட்டுவிட்டு, அணைக்க மறந்தது நான்தான். ரீஸ்டார்ட் செய்ததும் தற்காலிகப் பைல்கள் அழிந்து கொஞ்சம் இடம் கிடைத்தது. அதைத்தான் நான் வெற்றி என்று நினைத்தேன்.

பெரிய கம்பெனிகளும் விழுந்த குழி

‘ஏதோ பயிற்சி மாணவன் தெரியாமல் செய்தான்’ என்று நினைக்காதீர்கள். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில், அனுபவமுள்ள ஒரு பொறியாளர் இரவு நேரத்தில் துணை டேட்டாபேஸில் அழிக்க வேண்டிய போல்டரை, தவறுதலாக மெயின் டேட்டாபேஸ் சர்வரில் அழித்து விட்டார். ஓரிரு விநாடியில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி மட்டும்! பேக்கப் இருக்கிறதே என்று போனால், பேக்கப் எடுக்கும் கருவியின் பதிப்பு பொருந்தாமல் பேக்கப்பே எடுக்கப்படவில்லை. தோல்வியைச் சொன்ன மின்னஞ்சல்களும் வந்து சேரவில்லை. சோதனைக்காகத் தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் எடுத்து வைத்த ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேர டேட்டா போனது போனதுதான்.

அதே ஆண்டு பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்-3 சேமிப்புச் சேவை அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவில் நான்கு மணி நேரத்துக்கு மேல் படுத்தது. பில்லிங் சம்பந்தமான ஒரு கோளாறைத் தேடும்போது சில சர்வர்களை மட்டும் விலக்குவதற்குக் கொடுத்த கட்டளையில் ஒரு உள்ளீடு தவறிப் போய், அதிக சர்வர்கள் விலகி விட்டன. சேவை நிலவரத்தைக் காட்டும் பலகையும் அதே எஸ்-3-ஐ நம்பியிருந்ததால் அதையும் சில மணி நேரம் மாற்ற முடியவில்லை. பிறகு அமேசான் என்ன செய்தது? ஆளைக் குறை சொல்லி நிற்கவில்லை. ஒரே நேரத்தில் அதிக சர்வர்களை விலக்க முடியாதபடி கருவியையே திருத்தியது.

இனி, நான் கற்ற பாடங்கள். கட்டளைகளின் பெயரைத் தமிழில் எழுதுகிறேன். லேபில் ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டிப் பாருங்கள்.

1. முதலில் கேள்

சர்வரில் நுழையும் முன் நான்கு கேள்வி. என்ன நடக்கிறது? எப்போதிலிருந்து? எல்லோருக்குமா, ஒருவருக்கு மட்டுமா? கடைசியாக என்ன மாறியது? ‘ஒண்ணும் மாத்தலையே’ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். விடாமல் கேளுங்கள். புதுப் பதிப்பு, பாஸ்வேர்டு, கூடுதல் கூட்டம், நிரம்பிய டிஸ்க் என்று ஏதோ ஒன்று மாறித்தான் இருக்கும்.

2. ஆறு இடம் பார்

டாக்டர் ஊசி போடும் முன் நாடி பார்ப்பது போல, எதையும் மாற்றாமல் பார்க்க மட்டும் செய்ய வேண்டியவை:

டிஸ்க்: ‘டி.எஃப்.’ கட்டளை எவ்வளவு நிரம்பியது என்று சொல்லும். இடம் இருந்தும் எழுத முடியவில்லை என்றால், அதே கட்டளையில் ‘ஐ’ சேர்த்து ஐநோடு எண்ணிக்கை தீர்ந்து விட்டதா என்று பாருங்கள். லட்சக்கணக்கில் குட்டிப் பைல்கள் சேர்ந்தால் அப்படி ஆகும். எந்தப் போல்டர் பெரிது என்று ‘டி.யு.’ சொல்லும். இரண்டும் சொல்லும் கணக்கு ஒத்துப் போகவில்லையா? அழித்த பைலை ஏதோ ஒரு புரோகிராம் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கக்கூடும். ‘எல்.எஸ்.ஓ.எஃப்.’ அதைக் காட்டிக் கொடுக்கும்.

மெமரி: ‘ஃப்ரீ’ கட்டளை. மெமரி தீர்ந்தால் லினக்ஸ் தானாகவே ஒரு பெரிய புரோகிராமைக் கொன்று விடும். பெரும்பாலும் பலியாவது டேட்டாபேஸ்தான். ‘டி-மெசேஜ்’ கட்டளையில் அந்தச் செய்தி இருக்கும்.

சுமை: ‘டாப்’ கட்டளை. யார் சிபியூவைத் தின்கிறார் என்று தெரியும்.

சேவை: ‘சிஸ்டம்-சிடிஎல் ஸ்டேட்டஸ்’ தட்டினால் புரோகிராம் ஓடுகிறதா, விழுந்து விழுந்து எழுகிறதா என்று தெரியும்.

பாதை: சர்வருக்குள்ளிருந்தே ‘கர்ல்’ போட்டால் பக்கம் வருகிறதா? உள்ளே வந்து வெளியே வரவில்லை என்றால் குற்றம் பெரும்பாலும் ஃபயர்வாலிலோ, பெயரை முகவரியாக்கும் டி.என்.எஸ்.ஸிலோதான்.

நேரம்: ‘டேட்’ கட்டளை. சர்வர் கடிகாரம் தப்பினால் லாகின் முதல் சான்றிதழ் வரை எல்லாம் தப்பும்.

ஆறும் பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது. நான் அன்று முதலாவதை மட்டும் முதலிலேயே பார்த்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை!

3. லாக் படிக்கப் பழகு

‘ஜர்னல்-சிடிஎல்’ கொடுத்தால் நூற்றுக்கணக்கான வரி ஓடும். பயப்படாதீர்கள். பலர் கடைசி வரியைப் படிப்பார்கள். தேட வேண்டியது முதல் பிழையை. அதற்குப் பின் வருவதெல்லாம் பெரும்பாலும் அதன் குட்டிகள். லாக் வளர்ந்து டிஸ்க்கைத் தின்னாமல் இருக்க ‘லாக்-ரொடேட்’ அமைத்து விடுங்கள். டீபக் நிலை போட்டால் அணைக்க வேண்டிய நேரத்தை அப்போதே பேப்பரில் எழுதி மானிட்டரில் ஒட்டுங்கள். இதை அனுபவப்பட்டவன் சொல்கிறேன்!

4. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

மூன்று மாற்றத்தைச் சேர்த்துச் செய்து சரியானால், எதனால் சரியானது என்று தெரியாது. ஒன்று செய், பார், நோட்டில் எழுது. பலிக்கவில்லையா, பழையபடி மாற்றிவிட்டு அடுத்ததற்குப் போ. ரீஸ்டார்ட் கூடாது என்பதில்லை. அவசரத்துக்கு வேண்டியிருக்கும். ஆனால் அதற்கு முன் லாக்கையும் ‘டாப்’ திரையையும் ஒரு நகல் எடுத்து வை. இல்லையென்றால் திருடன் வந்து போன கால்தடத்தை நாமே பெருக்கித் தள்ளியதாகும்.

5. அழிக்காதே, நகர்த்து

‘ஆர்.எம்.’ கட்டளைக்கு ரீசைக்கிள் பின் கிடையாது. அழிக்க நினைத்த பைலை வேறு டிஸ்க்குக்கு நகர்த்தி, இரண்டு நாள் பொறுத்து அழிக்கலாம். டேட்டாபேஸ் தன் போல்டருக்குள் வைத்த பைலை மட்டும் நகர்த்தவும் வேண்டாம். எந்த ஜன்னலில், எந்தச் சர்வரில் இருக்கிறோம் என்று ‘ஹோஸ்ட்நேம்’ தட்டிப் பார்த்த பிறகே கை வை. மெயின் சர்வர் ஜன்னலுக்குச் சிவப்பு நிறம் கொடுத்து விடுவது நல்ல பழக்கம். பெரிய காரியம் எதற்கும் முன் கிளவுட் டிஸ்க்கை ஒரு ஸ்னாப்ஷாட் எடுங்கள். நாலு கிளிக்தான்.

6. திரும்ப ஏற்றிப் பார்க்காதது பேக்கப் இல்லை

பைல் இருக்கிறது, தேதி சரியாக இருக்கிறது என்பது போதாது. மாதம் ஒருமுறை அந்தப் பேக்கப்பை வேறு மெஷினில் ஏற்றி, நேற்றைய கடைசிச் சீட்டு வருகிறதா என்று கண்ணால் பாருங்கள். மூன்று நகல், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு ஊரில் என்பது பழைய சூத்திரம். பேக்கப் தோற்றால் மட்டுமல்ல, வெற்றி பெற்றாலும் செய்தி வரும்படி செய்யுங்கள். செய்தி வராத நாளே எச்சரிக்கை.

7. காலாவதித் தேதிகளையும் பெயரையும் கவனி

லெட்ஸ் என்கிரிப்ட் தரும் இலவசச் சான்றிதழின் ஆயுள் அதிகபட்சம் 90 நாள். தானாகப் புதுப்பிக்க ஏற்பாடு செய்தாலும், அது நடந்ததா என்று பார்க்க வேண்டும். டொமைன் பெயரும் அப்படித்தான். 2018 செப்டம்பர் 24 அன்று நம் தமிழ்நாட்டு ஜோஹோ நிறுவனத்தின் டொமைனை, அதைப் பதிவு செய்திருந்த வெளிநாட்டு நிறுவனம் ஃபிஷிங் புகார்களைக் காரணம் காட்டி முடக்கியது. சர்வர்களில் கோளாறு இல்லை. ஆனால் பெயர் வேலை செய்யாததால் உலகமெங்கும் பயனாளர்கள் தவித்தார்கள். நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் பகிரங்கமாக உதவி கேட்க வேண்டியதாயிற்று. வீடு பூட்டாமல் திறந்தே இருந்தாலும் தெருப் பெயர்ப் பலகையைப் பிடுங்கி விட்டால் விருந்தாளி எப்படி வருவார்?

8. வாடகை மீட்டரைப் பார்

பரிசோதனைக்குப் போட்ட சர்வரை அணைக்க மறந்தால் பில் ஏறிக்கொண்டே இருக்கும். கணக்குத் திறந்த முதல் நாளே செலவு எச்சரிக்கை வைத்து விடுங்கள். தேவையான போர்ட்டை மட்டும் திறங்கள். டேட்டாபேஸ் போர்ட்டை உலகத்துக்கே திறந்து வைக்க வேண்டாம். ரகசியச் சாவிகளைப் புரோகிராமுக்குள் எழுதி எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஏற்றவே கூடாது.

மருதையாறு சொல்லும் பாடம்

அரியலூர்க்காரனாக ஒன்று சொல்லாமல் முடிக்க முடியாது. 1956 நவம்பர் 23 விடியற்காலை, பெருமழையில் மருதையாற்றுப் பாலம் சேதமாகி, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. 140-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே மந்திரியாக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்று ராஜினாமா செய்தார். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் அதைப் பேசுவார்கள். உயிர்ச் சேதத்தையும் வெங்காயச் சீட்டையும் நான் ஒப்பிடவில்லை. ஆனால் பாடம் ஒன்றுதான். பாலம் உடைந்ததை ரயில் போய்க் கண்டுபிடிக்கக் கூடாது. மழைக்காலத்தில் ரயில்வே ஊழியர்கள் இரவில் விளக்கோடு தண்டவாளத்தில் நடப்பது அதற்காகத்தான். சர்வருக்கும் அந்த ரோந்து வேண்டும். டிஸ்க் 80 சதவீதம் தாண்டினால் போனுக்குச் செய்தி வரும்படி ‘க்ரானில்’ பத்து வரி ஸ்கிரிப்ட் போதும். காவலாளி அதே சர்வரில் மட்டும் இருக்கக் கூடாது. வீடு எரிந்தால் அவனும் சேர்ந்து எரிவான். வெளியே இன்னொரு மெஷினிலிருந்தும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பக்கம் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

முடிவாக...

கோளாறு தீர்ந்த பிறகு அண்ணன் என்னை ஒரு பக்கம் எழுதச் சொன்னார். எத்தனை மணிக்கு என்ன நடந்தது, என்ன செய்தேன், மூலகாரணம் என்ன, இனி வராமல் இருக்க என்ன செய்யப் போகிறோம். “யார் பண்ணினதுன்னு எழுத வேண்டாம். எப்படி நடக்க முடிஞ்சுதுன்னு எழுது” என்றார். கிட்லேபும் அமேசானும் தங்கள் தவறை உலகத்துக்கே எழுதி வைத்ததால்தான் இன்று நாம் படிக்கிறோம். மறைத்த தப்பு மறுபடி வரும்.

நண்பர்களே, நம் லேபின் மூலையில் தூசி படிந்த ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கும். ஆசிரியரிடம் அனுமதி கேட்டு அதில் லினக்ஸ் போடுங்கள். ஒரு டேட்டாபேஸ் ஏற்றுங்கள். ஒரு நண்பன் வேண்டுமென்றே கெடுக்கட்டும். டிஸ்க்கை நிரப்பட்டும், போர்ட்டை மூடட்டும், பாஸ்வேர்டை மாற்றட்டும். இன்னொருவன் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து கண்டுபிடிக்கட்டும். அங்கே விழுந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

வேலைக்குப் போன பிறகு நம் முன்னால் இருப்பது வெறும் சர்வர் இல்லை. அதன் மறுமுனையில் ஒரு ஆயா சுருக்குப் பையோடு நிற்கிறார். ‘எம் பேரு அதுல இருக்குதாய்யா?’ என்று அவர் கேட்டால், யோசிக்காமல் ‘இருக்கு ஆயா’ என்று சொல்ல வேண்டும். கை வைக்கும் முன் கண் வைப்போம்!